நாய் வண்டியைப் புகாருக்கு அனுப்பாதீர்கள்: நகர நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

நகராட்சி, மாநகராட்சி ஆணையர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் பொது சுகாதாரப் பிரிவினருக்கும்,

வணக்கம்.

தெருநாய்களைப் பற்றி உங்கள் மேசைக்குப் பெரும்பாலும் இரண்டு வகைக் கடிதங்கள்தான் வருகின்றன. எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு போங்கள் என்பது ஒன்று, ஒன்றையும் தொடாதீர்கள் என்பது இன்னொன்று. நாய் பிடிப்பதிலும் கருத்தடை அறுவை மேசையிலும் தடுப்பூசிப் பணியிலும் இருக்கிறவர்கள் எழுதும் இந்த மடல் இரண்டிலும் சேராது. எங்கள் கோரிக்கை இதுதான்: கருத்தடைக்கு நாய் பிடிக்கும் வண்டியைப் புகார் வந்த தெருவுக்கு அனுப்பும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். நகரைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியை முழுதாக முடித்த பிறகு அடுத்த பகுதிக்குப் போங்கள்.

புகார் முறையில் என்ன ஆகிறது என்று பாருங்கள். காலையில் ஓட்டுநர் கையில் பத்துப் பன்னிரண்டு முகவரி. ஊரின் ஒரு கோடியில் இரண்டு நாய், மறுகோடியில் மூன்று நாய். பிடிபடுகிறவை பெரும்பாலும் ஆளைக் கண்டால் வாலாட்டிக்கொண்டு வருகிற கடுவன்கள். கூச்சமுள்ள பெட்டைகள் வண்டி நிற்பதற்கு முன்பே சுவரேறிப் போய்விடும். அதே தெருவுக்கு அதே வண்டி இரண்டாம் முறை போனால், எஞ்சின் சத்தத்தைக் கேட்டே தெரு காலியாகிவிடும். ஆண்டு முடிவில் அறிக்கையில் ஆயிரக்கணக்கான அறுவைகள் இருக்கும். ஆனால் எந்த ஒரு தெருவிலும் பெட்டைகளில் பாதிகூட முடிந்திருக்காது. முடிக்காமல் விட்ட பெட்டைகள் அடுத்த பருவத்தில் ஈன்று, செத்துப்போன நாய்களின் இடத்தை நிரப்பிவிடும்.

பெட்டை நாய் ஆறிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் முதல்முறை பருவத்துக்கு வருகிறது, அதன்பின் பொதுவாக ஆண்டுக்கு இரண்டு முறை. சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். தெருவில் பிறக்கும் குட்டிகளில் பெரும்பாலானவை வளர்வதற்குள் இறந்துவிடுகின்றன என்பது உண்மைதான். ஆனால் ஓர் ஈற்றில் ஒன்றிரண்டு தேறினால்கூட எண்ணிக்கை குறையாது. ஒரு கடுவனை விட்டுவைத்தாலும் அது பல பெட்டைகளைச் சினையாக்கும் என்பதால், பத்தில் ஏழு கடுவனுக்கு அறுவை செய்தும் எண்ணிக்கையில் பெரிய மாற்றம் வராது. கணக்கை முடிவுசெய்வது பெட்டைகள்தான். ஒரு பகுதியில் பெட்டைகளில் நூற்றுக்கு எண்பதை இலக்காக வையுங்கள். எழுபதுக்குக் கீழே நின்றுவிட்டால் செய்த வேலை ஓரிரு ஆண்டில் கரைந்துவிடும்.

இதை நாள்கணக்கில் சொல்கிறோம். இரண்டு அறுவை மருத்துவர்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு 15 நாய், மாதத்தில் 25 வேலைநாள் என்றால் 750 அறுவை. நகரில் 10,000 நாய்கள் என்று வைத்துக்கொண்டால் எண்பது விழுக்காட்டுக்கு 8,000 அறுவை, அதாவது சுமார் பதினொரு மாதம். அதே 8,000 அறுவையை ஐந்தாண்டுக்குப் பரப்பி ஊர் முழுக்கத் தூவினால் ஒருபோதும் முடியாது, ஏனென்றால் பிறப்பு முந்திக்கொள்ளும். செலவு ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்தக் கணக்கில் நிர்வாகங்கள் வழக்கமாகத் தவறவிடுவது கூண்டு. கட்டடம் கட்டும்போது அறுவை அறைக்கு ஓடு பதித்து, விளக்கு மாட்டி, கூண்டுக்கு வரும்போது முப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரு நாய்க்கு அறுவைக்கு முன் ஒரு நாள், அறுவை நாள், அதன்பின் குறைந்தது மூன்று நாள் என்று ஐந்து நாள் இடம் வேண்டும். நாளொன்றுக்கு 30 அறுவை என்றால் 150 கூண்டு. இதற்கு மேல் நோயுள்ள நாய்களுக்குத் தனிக் கட்டடத்தில் பத்துக் கூண்டாவது வேண்டும். முப்பது கூண்டோடு நாளொன்றுக்கு முப்பது அறுவை என்று ஒப்பந்தம் போட்டால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும்: தையல் ஆறாத நாயை மறுநாளே தெருவில் விடுவார்கள், அல்லது ஒரே கூண்டில் ஐந்தை அடைப்பார்கள். முதலாவதில் தையல் பிரிந்து குடல் வெளியே வரும். இரண்டாவதில் பார்வோ வைரஸ், டிஸ்டெம்பர் என்ற கொடிய தொற்றுகள் பரவி, நல்லபடியாக வந்த நாய்கள் அங்கேயே சாகும். பார்வோ சாதாரண ஃபினாயிலுக்கு அசையாது. கழிவைச் சுரண்டி, சோப்பால் கழுவிவிட்டு, வீட்டு உபயோக பிளீச்சிங் கரைசலை 30 மடங்கு தண்ணீரில் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். அழுக்கின் மேல் நேரடியாக ஊற்றினால் பிளீச் வேலை செய்யாது. சுத்தப்படுத்தும் ஊழியருக்கு யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை என்பதுதான் பெரும்பாலான மையங்களின் பிரச்சினை.

வேலையைத் தொடங்குவதற்கு முன் எண்ண வேண்டும். குத்துமதிப்பான எண்ணிக்கையை வைத்துப் போடும் ஒப்பந்தம் எல்லாமே பொய்க்கணக்கில் முடிகிறது. எண்ணுவது கடினமில்லை. விடியற்காலையில், குப்பை வண்டி வருவதற்கு முன், வகுத்த பாதையில் மிதிவண்டியிலோ இருசக்கர வாகனத்திலோ மெதுவாகப் போய்க் கடுவன், பெட்டை, பால்கொடுக்கும் பெட்டை, குட்டி என்று நான்காகப் பிரித்துக் குறிக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் அதே பாதை, அதே மாதம், அதே நேரம். மடி தொங்குகிற பெட்டைகள் நூற்றுக்கு எத்தனை என்ற ஒரே எண், திட்டம் வேலை செய்கிறதா இல்லையா என்பதை மொத்த எண்ணிக்கைக்கு முன்பாகவே காட்டிக்கொடுத்துவிடும்.

ரேபிஸ் தடுப்பூசி போட்ட பிறகும் இதே போல எண்ண வேண்டும். ஒரு பகுதியில் 60 நாய்களுக்கு ஊசி போட்டு, முதுகில் கால்நடைகளுக்குப் பூசும் அடையாள வண்ணத்தைத் தீட்டிவிட்டீர்கள். மறுநாள் காலை வேறு ஆட்கள் போய் 80 நாய்களைப் பார்க்கிறார்கள், அவற்றில் 48க்கு வண்ணம் இருக்கிறது. 80இல் 48 என்றால் அறுபது விழுக்காடு. அறுபதை எண்பதால் பெருக்கி நாற்பத்தெட்டால் வகுத்தால் அந்தப் பகுதியில் ஏறத்தாழ 100 நாய்கள் இருக்கின்றன என்பதும் தெரிந்துவிடும். நோய்ச் சங்கிலியை அறுக்க வேண்டிய எழுபது விழுக்காட்டை எட்டவில்லை, ஆகவே மீண்டும் போக வேண்டும். இதில் ஏமாறுவதற்கு ஒரு வழி உண்டு: மறுநாள் எண்ணுகிறவர்கள் முந்தின நாள் ஊசி போட்ட பெரிய தெருக்களிலேயே சுற்றினால் எண் உயர்ந்து தெரியும். சந்துகளையும் சந்தைப் பின்புறத்தையும் ஓடைக்கரையையும் கட்டாயப் பாதையாக வகுத்துக் கொடுங்கள். வண்ணம் சில நாளில் மங்கிவிடும், அதனால் எண்ணிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது.

ரேபிஸ் தடுப்பூசியைக் கருத்தடையோடு மட்டும் கட்டிப்போடாதீர்கள். அறுவைக்கு ஒரு நாய்க்கு ஐந்து நாள் கூண்டு வேண்டும், ஊசிக்கு வலை போட்டுப் பிடித்தால் ஒரு நிமிடம். கருத்தடை ஒரு பகுதியில் நடந்துகொண்டிருக்கும்போதே ஊசி ஊர் முழுக்கச் சில வாரத்தில் போட்டு முடிக்கலாம், முடிக்கவும் வேண்டும். மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வரை நாய்வழி வருவது. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இதில் இறக்கிறார்கள் என்பது மதிப்பீடு, பத்தில் நான்கு பேர் பதினைந்து வயதுக்குட்பட்டவர்கள். ஒரு வெறிநாய் சராசரியாக ஒன்று முதல் இரண்டு நாய்களுக்குத்தான் நோயைக் கடத்துகிறது. நோய் கொடியதானாலும் பரவும் வேகம் குறைவு என்பதால்தான் எழுபது விழுக்காடு ஊசியே சங்கிலியை அறுக்கப் போதுமானதாகிறது. ஆண்டுதோறும் போட வேண்டும், ஏனென்றால் ஊசி போட்ட நாய்கள் சாகின்றன, போடாத குட்டிகள் பிறக்கின்றன. மூன்று மாதம் நிரம்பாத குட்டி என்று விட்டுவிடுவதும் ஒரு தவறு. ஊர் முழுக்கப் போடும்போது கையில் அகப்படும் குட்டிக்கும் போட்டுவிடுவதே முறை.

ஊசி கெட்டுப்போவதும் பெரும்பாலும் கவனக்குறைவால்தான். தடுப்பு மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். வெயிலில் சூடாவதற்கு எல்லோரும் பயப்படுகிறார்கள், உறைந்துபோவதை யாரும் கவனிப்பதில்லை. பனிக்கட்டிப் பொதியோடு ஒட்டிவைத்த குப்பி உறைந்து உருகினால் பார்ப்பதற்கு மாற்றமே இருக்காது, வீரியம் மட்டும் போயிருக்கும். பெட்டிக்குள் நடுவில் அட்டைத் தடுப்பு, ஒரு வெப்பமானி, காலை மாலை குறித்துவைக்க ஒரு நோட்டு. இவ்வளவுதான் தேவை. நாய் பிடிக்கிறவர்களுக்கும் முன்கூட்டியே தடுப்பூசி போட வேண்டும், முதல் நாள் ஒன்று, அதிலிருந்து ஏழு நாள் கழித்து ஒன்று. இதைச் செய்யாமல் ஆளை வேலைக்கு அனுப்பும் நிர்வாகம் நாய்களைப் பற்றிப் பேசத் தகுதியற்றது என்பது எங்கள் கருத்து.

பிடிக்கும் கருவி வலையாக இருக்கட்டும். கம்பிச் சுருக்கும் இடுக்கியும் கழுத்தைக் கிழித்துப் பல்லை உடைக்கின்றன. அதைவிட, அந்த அலறலைக் கேட்ட மற்ற நாய்கள் அடுத்த ஓராண்டுக்கு அகப்படாது. அன்போடு கையால் தூக்கிக்கொண்டு போனால் அதே தெருவில் மறுவாரமும் பிடிக்கலாம். வண்டிக்குள் தனித்தனி அறை வேண்டும், ஒரே பெட்டியில் பத்து நாய்களை அடைத்தால் மையத்துக்கு வரும்போது பாதி காயத்தோடு இறங்கும். பால்கொடுக்கும் பெட்டையை எடுக்காதீர்கள். அதை எடுத்தால் குட்டிகள் பசியால் சாகும், மூன்று நாளுக்குள் அந்தத் தெருவே உங்களுக்கு எதிரியாகிவிடும். படமெடுத்து, இடத்தைக் குறித்து, குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆனதும் தாயையும் குட்டிகளையும் சேர்த்தே கொண்டுவாருங்கள்.

அறுவை அறையில் நாங்கள் அதிகம் பார்க்கும் மரணம் கத்தியால் வருவதில்லை. உண்ணிக் காய்ச்சல் உள்ள நாய்க்கு ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கும். கருப்பையை எடுக்கும்வரை எல்லாம் சரியாகத் தெரியும், பிறகு கட்டுப்போட்ட இடமெல்லாம் கசியத் தொடங்கும். மயக்க மருந்துக்கு முன் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்க வேண்டும். வெளிறியிருந்தாலோ குண்டூசி முனையளவு சிவப்புப் புள்ளிகள் இருந்தாலோ அன்று அறுவை கிடையாது, சிகிச்சைதான். இரண்டாவது காரணம் குளிர். ரோமம் மழித்து, வயிறு முழுக்க ஸ்பிரிட் தடவி, ஈரமான சிமென்ட் தரையில் கிடத்திய நாயின் உடல் வெப்பம் 38இலிருந்து சரசரவென்று இறங்கும். மரப்பலகை, சாக்கு, அட்டை எதுவானாலும் சரி, வெறுந்தரை கூடாது. தலைதூக்கும்வரை ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பெட்டைகளில் வலப்பக்கச் சூலகம் உள்ளே ஆழமாக, முன்தள்ளி இருக்கும். அவசரத்தில் அதன் ஒரு துண்டை உள்ளேயே விட்டுவிட்டால் நாய் மீண்டும் பருவத்துக்கு வரும், கடுவன்கள் கூட்டமாகப் பின்தொடரும். கருத்தடை செய்தும் பயனில்லை என்று மக்கள் சொல்வார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. எடுத்த ஒவ்வோர் உறுப்பையும் தட்டில் வைத்து இரண்டு சூலகமும் முழுதாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே தையல் போட வேண்டும். ஒரு நாய்க்கு ஒரு கருவித்தொகுதி. 121 டிகிரியில் பதினைந்து நிமிடம் நீராவியில் வைத்தது மட்டுமே கிருமி நீங்கியது, மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்தது ஆகாது. நாளொன்றுக்கு 30 அறுவை என்றால் குறைந்தது 30 தொகுதி வாங்குங்கள். டெண்டரில் பத்தை எழுதிவிட்டு சீழ் பிடிக்கிறது என்று மருத்துவரைக் கேட்காதீர்கள்.

கருத்தடை முடிந்ததைக் காட்டக் காதில் வெட்டும் அடையாளத்தை, நாய் மயக்கத்தில் இருக்கும்போதே போட வேண்டும். சண்டையில் கிழிந்த காதும் வெட்டுப்போலவே தெரியும் என்பதால் நகர் முழுக்க ஒரே காது, ஒரே வடிவம், தூரத்தில் நின்று பார்த்தால் தெரியும் அளவு. அடையாளம் தெளிவாக இல்லாத பெட்டையின் வயிற்றை இரண்டாம் முறை கிழிக்க நேர்வதைவிட வெட்கக்கேடு ஒன்றுமில்லை.

பிடித்த இடத்திலேயே விடுவது என்பது சட்டத்துக்காகச் சொல்வதுபோல் பலருக்குத் தோன்றுகிறது. காரணம் வேறு. ஊசி போட்ட, கருத்தடை செய்த, அந்தத் தெருவின் ஆட்களை அறிந்த நாய் இருக்குமிடத்தில் புது நாய் எளிதில் நுழையாது. அதை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டால் அங்கே சண்டை, சாலையில் சாவு, இங்கே காலியிடத்துக்கு ஊசி போடாத நாய் ஒன்று. பிடிக்கும்போதே கழுத்துப் பட்டையில் எண், செல்பேசியில் படமும் இட அடையாளமும் பதிவாக வேண்டும். 'பெரிய தெரு' என்று மட்டும் எழுதிவைத்த நோட்டால் நூறு நாய்கள் தவறான தெருவில் இறங்கியிருக்கும்.

கொன்றுவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: இந்தோனேசியாவின் ஃப்ளோரஸ் தீவுக்கு 1997இல் ரேபிஸ் வந்தது. லட்சக்கணக்கில் நாய்களைக் கொன்றும் நோய் போகவில்லை. 2008இல் பாலித் தீவிலும் முதலில் கொலையில் இறங்கி, பிறகு தடுப்பூசிக்குத் திரும்பிய பின்தான் மரணங்கள் குறைந்தன. கொல்ல வருகிறார்கள் என்றால் மக்கள் நாயை ஒளிப்பார்கள், வேறு ஊருக்கு அனுப்புவார்கள், பிறகு ஊசி போடாத குட்டியைக் கொண்டுவந்து வளர்ப்பார்கள். ஊசி போட்ட நாயும் கொலையில் போய்விடும். மறுபக்கம், ஆண்டுக்கு ஆண்டு இலவசமாகத் தடுப்பூசி போட்டுவந்த மெக்சிகோ, நாய்வழி ரேபிஸ் மரணத்தை ஒழித்த முதல் நாடென்று 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. பூடான் 2009இல் கருத்தடைத் திட்டத்தைத் தொடங்கியது. 2021இல் அதை நாடு முழுக்க முடுக்கிவிட்ட பிறகு, 2023இல் தெருநாய்கள் அனைத்துக்கும் முடிந்ததாக அறிவித்தது. முடுக்கிவிட்ட அந்தக் கட்டத்தைத்தான் நாங்கள் உங்களிடம் கேட்கிறோம்.

எல்லாவற்றையும் காப்பகத்தில் அடைக்கலாம் என்பவர்கள் ஒரு பெருக்கல் போட்டுப் பார்க்கட்டும். 10,000 நாய்க்கு ஆளுக்கு 300 கிராம் உலர்தீவனம் என்றால் நாளொன்றுக்கு மூன்று டன். கிட்டத்தட்ட அதே அளவு கழிவை அள்ள வேண்டும். நாற்பது நாய்க்கு ஓர் ஊழியர் என்று வைத்தால் 250 பேர், விடுமுறை இல்லாமல். பத்து ஆண்டு. காப்பகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது ஊனமுற்றவைக்கும், காரணமின்றித் திரும்பத் திரும்பக் கடிப்பதாக விசாரித்து உறுதிசெய்த நாய்களுக்கும் வேண்டும். கருத்தடை செய்தால் கடிப்பது நின்றுவிடும் என்று எங்கள் பக்கத்து ஆட்கள் சிலர் சொல்வதும் மிகை. குட்டியைக் காக்கும் தாயின் சீற்றமும் பருவகாலக் கூட்டச் சண்டையும் குறையும். பழக்கமாகக் கடிக்கும் நாயை அறுவை மாற்றாது, அதைத் தெருவில் திருப்பி விடக் கூடாது.

கடித்த நாயை உடனே கொன்றுவிடாமல் பத்து நாள் தனிக்கூண்டில் வைத்துப் பாருங்கள். பத்து நாளும் நலமாக இருந்தால் கடித்த அன்று அதன் எச்சிலில் வைரஸ் இல்லை என்று பொருள். அதுவரை காத்திருக்காமல் கடிபட்டவருக்கு ஊசியைத் தொடங்கிவிட வேண்டும். தாடை தொங்கி, குரல் மாறி, தள்ளாடி, கல்லையும் கட்டையையும் கடிக்கும் நாயை வலியில்லாமல் முடித்து, மூளை மாதிரியைக் குளிரில் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். முடிவு வரும்வரை அந்தப் பகுதி முழுக்க ஊசி. மருத்துவமனை அவசரப் பிரிவு வாசலில் ஒரு குழாயும் சோப்பும் வையுங்கள். பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் காயத்தைக் கழுவுவதற்கு ஈடான முதலுதவி வேறில்லை, ஆனால் எத்தனையோ இடங்களில் வரிசைச் சீட்டு வாங்கும் இடம்தான் முதலில் இருக்கிறது. தோல் கிழிந்த கடிக்கு ஊசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப்பொருள் மருந்தைக் காயத்துக்குள்ளேயே செலுத்த வேண்டும். அது இருப்பில் உண்டா என்று வாரந்தோறும் கேளுங்கள்.

சோறு போடுகிறவர்களோடு சண்டையை நிறுத்துங்கள். எந்த நாய் எப்போது எங்கே வரும் என்று அவர்களுக்குத்தான் தெரியும், உங்கள் வலைக்கு வராத கூச்சப் பெட்டை அவர்கள் கைக்கு வரும். அதற்கு ஈடாக அவர்களிடம் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: பள்ளி வாசல், விளையாட்டிடம், மாடிப்படி அருகே வேண்டாம். குறித்த நேரம், இருபது நிமிடத்தில் தட்டைக் கழுவி எடுத்துவிட வேண்டும். பிடிக்கும் நாளுக்கு முன் இரவு உணவு கூடாது. குப்பையைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. இறைச்சிக் கழிவைத் திறந்தவெளியில் கொட்டும் இடம் இருக்கும்வரை நாய்களின் எண்ணிக்கையை அந்த இடம்தான் தீர்மானிக்கும்.

ஒப்பந்தத்தில் தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கும்வரை எளிதில் பிடிபடும் கடுவன்களே வந்துகொண்டிருக்கும். பகுதியில் வெட்டுக்காதுப் பெட்டைகள் நூற்றுக்கு எத்தனை என்று வெளியாட்களை வைத்து எண்ணி, எண்பதைத் தொட்ட பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

புகார் எண்ணை மூடச் சொல்லவில்லை. வரும் ஒவ்வொரு புகாரையும், மருத்துவமனையின் ஒவ்வொரு கடிப்பதிவையும் வரைபடத்தில் ஒரு புள்ளியாக வையுங்கள். காயம், நோய்க்குறி, குட்டிகளோடு தாய் என்றால் மட்டும் அன்றே ஆள் போகட்டும். மற்றவர்களிடம் 'உங்கள் பகுதியின் முறை இந்த மாதம் வருகிறது' என்று தேதியோடு சொல்லுங்கள். புள்ளிகள் அடர்ந்திருக்கும் பகுதியை முதலில் எடுங்கள். முதல் எண்ணிக்கைக்கு வேண்டியது ஒரு விடியற்காலை, நான்கு ஆட்கள், ஒரு வரைபடம். தேதியைக் குறித்துச் சொல்லுங்கள், பாதை வகுக்க வருகிறோம்.

இப்படிக்கு,
நாய் பிடிப்பு, கருத்தடை, தடுப்பூசிப் பணிகளில் இருக்கும் கால்நடை மருத்துவர்களும் களப்பணியாளர்களும்